செவ்வியல் இலக்குக் காற்றுத் துப்பாக்கிகள்

செவ்வியல் இலக்குக் காற்றுத் துப்பாக்கிகள் என்பவை, 10 மீட்டர் இலக்கு சுடும் போட்டிகளுக்கென 1950-களின் தொடக்கம் முதல் 1980-களின் இறுதி வரை உருவாக்கப்பட்ட 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிகளும் காற்றுக் கைத்துப்பாக்கிகளும் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை அன்றைய மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டவை. உயர்நிலைப் போட்டிகளில் இவற்றின் இடத்தை இன்று உயரழுத்தக் காற்று உருளை பொருத்தப்பட்ட துப்பாக்கிகள் பெற்றுள்ளன. ஆயினும் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய துப்பாக்கி 10 மீட்டர் தொலைவில் இன்றும் நடுப்புள்ளியைத் தொடவல்லது. இக்காரணத்தால் இவற்றைச் சேகரிப்போர் பலர் இவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் மட்டும் வைத்திராமல் சுட்டும் வருகின்றனர்.

பொதுவாக இச்சொல் சுருள்வில்லால் இயங்குபவற்றையும், ஒரே தடவை நெம்பிக் காற்றை அடைக்கும் வகையினவற்றையும் குறிக்கும். வேட்டைக்கோ பொழுதுபோக்குக்கோ செய்யப்பட்ட சாதாரண காற்றுத் துப்பாக்கிகள் இவ்வகைப்பாட்டில் அடங்கா.

வரலாறு

காற்றின் அழுத்தத்தால் குண்டை எய்யும் கருவி புதியதன்று. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சியகத்தில், ஏறத்தாழ 1580-ஆம் ஆண்டைச் சேர்ந்த துருத்தி வகைக் காற்றுத் துப்பாக்கி ஒன்று உள்ளது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படை ஜிரார்டோனி வகைக் காற்றுத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியது. எனினும் துல்லியமான இலக்கு விளையாட்டுக் கருவியாகக் காற்றுத் துப்பாக்கி வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஆகும்.

போரில் தோற்ற ஜெர்மனியில் ஆயுத உற்பத்தி தடைசெய்யப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் காற்றுத் துப்பாக்கிகள் செய்ய இசைவு கிடைத்தபோது, போர்க்கருவித் தொழிலில் தேர்ந்த பொறியாளர்களின் திறன் இத்துறைக்குத் திரும்பியது. மவுசர் தொழிற்சாலை இருந்த ஓபர்ன்டோர்ஃப் என்னும் ஊரில், அங்கு முன்னர் பணியாற்றிய கார்ல் வெஸ்டிங்கர், எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கர் ஆகிய இருவரும் தொடங்கிய நிறுவனமே ஃபைன்வெர்க்பாவ். வால்தர், அன்சூட்ஸ் ஆகிய நிறுவனங்கள் கிழக்கு ஜெர்மனிக்குள் சென்றுவிட்ட தம் பழைய ஊர்களை விட்டு உல்ம் நகரில் மீண்டும் தொழில் தொடங்கின. ராஸ்டாட் நகரில் 1890 முதல் இயங்கிவந்த மாயர் அண்டு கிராமல்ஸ்பாகர் நிறுவனம் டயானா என்ற பெயரில் தன் துப்பாக்கிகளை விற்றது.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1966-இல் உலக வாகையர் போட்டிகளில் சேர்க்கப்பட்டது. காற்றுக் கைத்துப்பாக்கி 1970-இல் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் முன்னது 1984-இல் லாஸ் ஏஞ்சலசிலும், பின்னது 1988-இல் சியோலிலும் அறிமுகமாயின. அதாவது இப்போட்டிகள் ஒலிம்பிக்கை அடைந்த காலத்தில், அவற்றை வளர்த்தெடுத்த சுருள்வில் துப்பாக்கிகளின் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

அடிப்படைச் சிக்கல்: பின்னுதைப்பு

சுருள்வில் துப்பாக்கியில் காற்று முன்கூட்டி அடைத்து வைக்கப்படுவதில்லை. நெம்புகோலை இழுக்கும்போது வலிமையான சுருள்வில் ஒன்று சுருங்கி, பிஸ்டன் எனப்படும் உந்துதண்டைப் பின்னே நிறுத்துகின்றது. சுடுவிசையை அழுத்தியதும் உந்துதண்டு முன்னோக்கிப் பாய்ந்து, உருளைக்குள் உள்ள காற்றைக் கணப்பொழுதில் அழுத்துகின்றது. அவ்வழுத்தமே ஈயக்குண்டைக் குழல் வழியே தள்ளுகின்றது.

உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும். உந்துதண்டு உருளையின் முனையில் அழுந்திய காற்றின் மீது மோதி நிற்கையில் துப்பாக்கி முன்னே இழுக்கப்படும். ஆகவே வெடிமருந்துத் துப்பாக்கியைப் போலன்றி, இதில் இருதிசை உதைப்பு ஏற்படுகின்றது. சுடுவிசை விடுபட்டதிலிருந்து குண்டு வெளியேறும் வரை ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வினாடியே செல்லும். எனினும் இந்த அசைவின் பெரும்பகுதி குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே நிகழ்ந்துவிடுகின்றது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 செ.மீ. தொலைவு உள்ள ஒரு துப்பாக்கியில், முன்முனை 0.08 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 1 மி.மீ. விலகும். இன்றைய காற்றுத் துப்பாக்கி இலக்கின் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. விட்டமுடையது. குண்டின் துளை அதைத் தொட்டாலே பத்து மதிப்பெண் கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழவேண்டும். கைத்துப்பாக்கி இலக்கின் பத்து வளையம் 11.5 மி.மீ. விட்டமுடையது, அங்கு இவ்வெல்லை 8 மி.மீ. ஆகும். இந்த எல்லைக்குள் சுடுவதற்கு உதைப்பை அடக்கியாக வேண்டும். செவ்வியல் காலத் துப்பாக்கிகளின் வரலாறு என்பது பெரிதும் இந்த ஒரு சிக்கலுக்குக் காணப்பட்ட வெவ்வேறு தீர்வுகளின் வரலாறே ஆகும்.

தீர்வுகள்

எடை

துப்பாக்கியின் எடையைக் கூட்டினால் அதே உதைப்பு குறைவாக அசைக்கும். 1955-இல் வெளிவந்த வால்தர் எல்ஜி 55, 1960-களில் வந்த எல்ஜிவி ஆகியவை இவ்வழியைப் பின்பற்றின. குழலை மடித்துச் சுருள்வில்லை இழுக்கும் இவ்வகையில், எல்ஜிவியின் குழல் தாழ்ப்பாள் கொண்டு பூட்டப்பட்டது. எளிமையான இத்தீர்வில் உதைப்பு குறைந்ததே தவிர நீங்கவில்லை.

இரட்டை உந்துதண்டு

டயானா நிறுவனத்திற்காகக் குர்ட் கிஸ் வடிவமைத்த முறையில் ஒன்றுக்கு மாற்றாக இரண்டு உந்துதண்டுகள் உள்ளன. முன்னுள்ளது காற்றை அழுத்த, பின்னுள்ளது அதே நேரத்தில் எதிர்த்திசையில் பாய்கின்றது. பற்சட்டமும் பற்சக்கரமும் இரண்டையும் இணைத்து ஒரே வேகத்தில் இயக்குவதால் ஒன்றின் உதைப்பை மற்றொன்று ஈடுசெய்கின்றது. மாதிரி 6, 10 ஆகிய கைத்துப்பாக்கிகளிலும், 60, 65, 66, 75 ஆகிய நீள் துப்பாக்கிகளிலும் இம்முறை இடம்பெற்றது. பழுது பார்த்தபின் பற்களைச் சரியான இடத்தில் பொருத்தாவிட்டால் இந்த ஈடுசெய்தல் கெட்டுவிடும்.

சறுக்குத் தளம்

ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் உதைப்பைத் தடுக்க முனையாமல், அது சுடுபவரை அடையாதவாறு செய்தது. குழலும் உருளையும் சேர்ந்த இயங்குபகுதி, கட்டையினுள் சிறு தண்டவாளங்களின் மேல் பொருத்தப்பட்டுள்ளது. சுடும் கணத்தில் அதன் பூட்டு விடுபட்டு அப்பகுதி மட்டும் சிறிது பின்னே சறுக்குகின்றது. தோளில் உள்ள கட்டையோ கையில் உள்ள பிடியோ அசைவதில்லை. பக்க நெம்புகோலை அடுத்த தடவை இழுக்கும்போது இயங்குபகுதி முன்னிடத்திற்கு வந்துவிடும். 150, 300, 300எஸ் ஆகிய நீள் துப்பாக்கிகளும் மாதிரி 65 கைத்துப்பாக்கியும் இம்முறையின.

எண்ணெய்த் தணிப்பான்

அன்சூட்ஸ் நிறுவனத்தின் மாதிரி 250-இல் உதைப்பை உறிஞ்சுவதற்கு எண்ணெய் நிரம்பிய தணிப்பான் ஒன்று அமைக்கப்பட்டது. வண்டிகளில் உள்ள அதிர்வு தாங்கியை ஒத்த கருத்து இது.

ஒற்றை நெம்பல் முறை

சுருள்வில்லையே நீக்கிவிடுவது இறுதித் தீர்வாக அமைந்தது. நெம்புகோலை ஒரு தடவை இயக்கும்போது காற்று ஒரு சிறு அறைக்குள் அழுத்தி அடைக்கப்படுகின்றது. சுடும்போது ஓர் அடைப்பிதழ் மட்டும் திறக்கின்றது. பாய்ந்து மோதும் கனமான பகுதி எதுவும் இல்லாததால் உதைப்பு மிகவும் குறைவு. 1967-இல் வந்த வால்தர் எல்பி 2 கைத்துப்பாக்கி, 1974-இல் வந்த எல்ஜிஆர் நீள் துப்பாக்கி, 1980-களில் வந்த ஃபைன்வெர்க்பாவ் 600 ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. சோவியத் ஒன்றியத்தின் இஷெவ்ஸ்க் நகரில் செய்யப்பட்ட ஐஷ்-46 கைத்துப்பாக்கியும் இவ்வகையினதே.

இவற்றுக்கு இணையாகக் கரியமில வளியால் இயங்கும் துப்பாக்கிகளும் வந்தன. கரியமில வளியின் அழுத்தம் வெப்பநிலையைச் சார்ந்தது. 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 57 பார். வெப்பம் மாறினால் குண்டின் வேகமும் மாறும். 1990-களில் 200 பார் அழுத்தக் காற்று உருளைகள் பரவியபோது இவ்வகையும் போட்டிக் களத்தை விட்டு அகன்றது.

குறிப்பிடத்தக்க மாதிரிகள்

ஃபைன்வெர்க்பாவ் 65: 1965-இல் அறிமுகமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. இதன் சுடுவிசை எடையை ஒரு திருப்பியின் மூலம் 500 கிராமிலிருந்து 1360 கிராமுக்கு மாற்றலாம். சறுக்குத் தளத்தைப் பூட்டிவிட்டால் உதைப்பை உணரலாம். வெடிமருந்துக் கைத்துப்பாக்கிப் போட்டியாளர்கள் வீட்டிலேயே பயிற்சி செய்ய இவ்வசதிகள் உதவின.

ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்: 1970-களின் போட்டிக் களங்களில் பரவலாக விளங்கியது. சுருள்வில் இலக்குத் துப்பாக்கிகளின் உச்சம் எனப் பல சேகரிப்பாளர்கள் இதனைக் கருதுகின்றனர்.

டயானா 75: இரட்டை உந்துதண்டும் பக்க நெம்புகோலும் கொண்டது. குழல் அசையாமல் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால், குழலை மடிக்கும் 65, 66 ஆகியவற்றினின்று வேறுபடுகின்றது.

வால்தர் எல்பி 53: குழலை மடித்து இயக்கும் சுருள்வில் கைத்துப்பாக்கி. சுருள்வில் கைப்பிடிக்குள் அமைந்துள்ளது. குழல்முனையில் பொருத்தி அழுத்துவதற்கான மரக்குமிழ் ஒன்று உடன் வழங்கப்பட்டது. அக்குமிழுடன் கிடைப்பவை அரியனவாகக் கருதப்படுகின்றன. 1963-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தின் விளம்பரப் படப்பிடிப்புக்குப் பாண்டின் வழக்கமான துப்பாக்கி வந்து சேராததால், நடிகர் ஷான் கானரியின் கையில் இக்காற்றுக் கைத்துப்பாக்கியே கொடுக்கப்பட்டது. அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி 2010-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்கு விலைபோனது.

சேகரித்தல்

சேகரிப்பாளர்கள் ஒரு நிறுவனத்தையோ, ஒரு தீர்வு முறையையோ, ஒரு பத்தாண்டையோ மையமாகக் கொண்டு சேகரிப்பது வழக்கம். ஒரு துப்பாக்கியின் காலத்தையும் வகையையும் அறியப் பின்வருவன உதவுகின்றன.

- டயானா துப்பாக்கிகள் பலவற்றின் உருளையில் செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.
- ஐங்கோணத்துள் 'எஃப்' என்னும் எழுத்து இருந்தால், அது 7.5 ஜூல் வரம்புக்கு உட்பட்டு ஜெர்மன் சந்தைக்காக 1970 முதல் வந்தது எனலாம்.
- ஒரே துப்பாக்கி வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டதுண்டு. டயானாவின் படைப்புகள் அமெரிக்காவில் வின்செஸ்டர், ஹை-ஸ்கோர் ஆகிய பெயர்களிலும், பிரித்தானியாவில் 'ஒரிஜினல்' என்னும் பெயரிலும் விற்பனையாயின. போருக்குப்பின் டயானா பெயரும் பொறிகளும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்திடம் சென்றதே பிரித்தானியப் பெயர் மாற்றத்திற்குக் காரணம்.
- துளைக் குறிநோக்கி, முன்குறிக்கான மாற்று வளையங்கள், எடைக்கட்டிகள், பெட்டி ஆகியவை உடனிருந்தால் மதிப்பு கூடும். குறிநோக்கி இன்றி விற்கப்படும் துப்பாக்கிக்கு ஏற்ற ஒன்றைத் தேடிப் பெறுவது கடினம்.

அடைப்பு வளையச் சிதைவு

இத்துறையில் புதிதாக நுழைவோர் பெரிதும் ஏமாறுவது அடைப்பு வளையங்களின் நிலையிலாகும். 1960-களிலும் 70-களிலும் உந்துதண்டின் தலையில் பொருத்தப்பட்ட செயற்கைப் பொருள்கள் சில, காலப்போக்கில் தாமாகவே சிதைவன. அவை மெழுகு போல் குழைந்துபோகும். அல்லது துகளாக உதிர்ந்து குழல் வழியே வெளிவரும். டயானாவின் இரட்டை உந்துதண்டு மாதிரிகள் இதற்குப் பெயர்போனவை. ஃபைன்வெர்க்பாவ் 65, 300எஸ் ஆகியவற்றின் உந்துதண்டில் உலோக வளையம் உள்ளதால் அது நீடித்து உழைக்கின்றது; ஆயினும் அவற்றிலும் குழல்வாய் வளையம், மோதல் தாங்கி வளையம் ஆகியன கெடுகின்றன.

இச்சிதைவு பயன்பாட்டால் வருவதன்று. பொருளின் முதுமையால் வருவது. எனவே பெட்டியைவிட்டு எடுக்கப்படாத, ஒரு குண்டும் சுடப்படாத துப்பாக்கியிலும் வளையம் சிதைந்திருக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் சுட்டால் மெத்தென்ற தடுப்பின்றி உந்துதண்டு உருளை முனையில் உலோகத்தோடு உலோகமாக மோதி, மாற்றுக் கிடைக்காத பகுதிகளையும் உடைத்துவிடும். மறுபுறம், வேகம் குன்றியதைக் கண்டு பயனற்றது என ஒதுக்கப்பட்ட துப்பாக்கி, சிறு வளையம் ஒன்றை மாற்றியதும் பழைய துல்லியத்தை மீண்டும் பெறுவதும் உண்டு.

அசல் நிலையா, இயங்கு நிலையா?

சேகரிப்பாளரிடையே நீடிக்கும் கருத்து வேறுபாடு இதுவாகும். ஒரு சாரார், தொழிற்சாலையிலிருந்து வந்த எப்பகுதியையும் மாற்றலாகாது என்பர். மறு சாரார், இவை துல்லியத்திற்காகவே செய்யப்பட்ட பொறிகள் ஆதலின், சுட இயலாத நிலையில் அவற்றின் இன்றியமையாத பண்பே இழக்கப்படுகின்றது என்பர். நடைமுறையில் ஏற்கப்படும் நடுவழி, திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்வதாகும். அடைப்பு வளையம், சுருள்வில் ஆகியவற்றை மாற்றலாம்; நீக்கிய பகுதிகளைத் துப்பாக்கியுடன் பாதுகாத்து வைக்கவேண்டும். உலோகப் பரப்பை மறுபடி கருநீலமாக்குவது, கட்டையைத் தேய்த்து மெருகிடுவது ஆகியவை திரும்பப் பெற இயலாதவை ஆதலின் தவிர்க்கப்படுகின்றன.

இங்குச் சுருள்வில் துப்பாக்கிகளுக்கு ஒரு நன்மை உண்டு. இன்றைய போட்டித் துப்பாக்கிகளின் காற்று உருளைகளுக்குப் பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு ஆயுளைக் குறிக்கின்றனர். அதன்பின் அவற்றைப் போட்டியில் பயன்படுத்தலாகாது. சுருள்வில் துப்பாக்கிக்கு அத்தகைய காலவரம்போ, காற்றடைக்கும் கருவியின் தேவையோ இல்லை.

சுடுதல்

பழைய துப்பாக்கிகளில் தட்டைத் தலை ஈயக்குண்டுகளே பயன்படுத்தப்படுகின்றன. இவை தாளில் வட்டமான துளையிடுவதால் மதிப்பெண் கணிப்பது எளிது. எடை ஏறத்தாழ அரை கிராம். ஒவ்வொரு குழலுக்கும் ஏற்ற குண்டு வேறுபடும் ஆதலின், சில வகைகளைச் சுட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.

துப்பாக்கியின் உடல்நிலையை அறியச் சிறந்த வழி, வேகமானியின் முன்னே பத்துக் குண்டுகள் சுடுவதாகும். 0.5 கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 7.2 ஜூல். வேகத்தின் அளவைவிட அதன் சீர்மையே முதன்மையானது. பத்துக் குண்டுகளின் வேகம் பெரிதும் மாறுபட்டால், அடைப்பு வளையத்தில் கசிவு உள்ளது எனக் கொள்ளலாம்.

பாதுகாப்பு

- நெம்புகோலை இழுத்த நிலையில் குண்டு இடும்போது நெம்புகோலை மற்றொரு கையால் பிடித்துக்கொள்ளவேண்டும். தேய்ந்த பூட்டு நழுவினால் பாய்ந்து மூடும் பகுதி விரலைத் துண்டித்துவிடும்.
- குண்டு இடாமல் சுருள்வில் துப்பாக்கியைச் சுடலாகாது. எதிர்த்து நிற்கும் காற்று மெத்தை இன்றி உந்துதண்டு வன்மையாக மோதும்.
- அழுத்த அறைக்குள் சாதாரண எண்ணெய் விடலாகாது. அழுத்தத்தால் எழும் வெப்பத்தில் எண்ணெய் தீப்பற்றி வெடித்து அடைப்பு வளையத்தையும் சுருள்வில்லையும் கெடுக்கும்.
- குண்டுகளைத் தடுக்கும் உலோகப் பெட்டி இலக்கின் பின்னே இருக்கவேண்டும்; கண்ணாடி அணிவது நன்று.
- குண்டுகள் ஈயத்தால் ஆனவை. சுட்டபின் கைகளைக் கழுவாமல் உணவு உண்ணலாகாது.

சட்டநிலை

ஜெர்மனியில் 'எஃப்' குறியுடன் 7.5 ஜூலுக்கு உட்பட்டவற்றை வயது வந்தோர் உரிமமின்றி வாங்கலாம். பிரித்தானியாவில் நீள் துப்பாக்கிக்கு 12 அடி-பவுண்டும் கைத்துப்பாக்கிக்கு 6 அடி-பவுண்டும் வரம்பாகும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இவ்வரம்புக்கு உட்பட்டவற்றுக்கும் சான்றிதழ் தேவை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழலோ உடைய காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவை. செவ்வியல் இலக்குத் துப்பாக்கிகள் இவ்வரம்புகளுக்குள் அடங்குவன.

தாக்கம்

10 மீட்டர் போட்டி சிறிய அரங்கிலும் நடத்தக்கூடியதாக இருந்தமையால் உலகெங்கும் பரவியது. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம், 2008-இல் அபினவ் பிந்திரா இப்போட்டியில் வென்றதேயாகும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இதே பிரிவில் பங்கேற்றார். இவர்கள் கையாண்டவை புதிய தலைமுறைத் துப்பாக்கிகள் எனினும், அசையாத கட்டை, மென்மையான சுடுவிசை, துளைக் குறிநோக்கி ஆகிய அடிப்படைகள் செவ்வியல் காலத்திலேயே உருப்பெற்றன.

இவற்றையும் பார்க்க

- காற்றுத் துப்பாக்கி
- 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி
- சுருள்வில்
- ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதல்